திருகோணமலைச் சிறுவர்கள் வாசித்த புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்களும், பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கத்தை ஏற்படுத்த விரும்பும் இளம் பெற்றாரும் பழைய சிறுவர் சஞ்சிகைகளையும் கதைப் புத்தகங்களையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. 1960களிலிருந்து 1990களின் இறுதிவரை திருகோணமலை நகரிலும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி முதலிய ஊர்களிலும் தமிழில் வாசித்து வளர்ந்தவர்களின் புத்தகங்களே இங்கு பேசப்படுகின்றன.

சின்ன வயதில் வாசித்தவை என்று எங்கள் ஊரவர் பெரும்பாலும் எவற்றைச் சொல்கிறார்கள்?

வயதைப் பொறுத்து விடை மாறும். அறுபதைத் தாண்டியவர்கள் 'அம்புலிமாமா'வையும், தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லாலையும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களையும் சொல்வார்கள். ஐம்பதை அண்மித்தவர்கள் 'முத்து கொமிக்ஸ்', 'லயன் கொமிக்ஸ்', 'ராணி கொமிக்ஸ்' என்று தொடங்கி, சற்றுத் தயங்கிவிட்டு, வழவழப்பான தாளில் வந்த சோவியத் கதைப் புத்தகங்களுக்கு வருவார்கள். நாற்பதுகளில் இருப்பவர்களின் பட்டியலில் 'கோகுலம்', 'பூந்தளிர்' ஆகியவற்றோடு பாடசாலை நூலகத்தில் கிடைத்த ஆங்கிலப் புத்தகங்களும் சேர்ந்துகொள்ளும். தெனாலிராமன், மரியாதைராமன், பஞ்சதந்திரம், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு ஆகியவை எல்லாத் தலைமுறைக்கும் பொதுவானவை. ஆனால் இவற்றைப் புத்தகமாக வாசித்தவர்களைக் காட்டிலும் அம்மம்மாவின் வாயிலாகக் கேட்டவர்களே அதிகம்.

இத்தனை பேரின் நினைவுகளையும் கேட்ட பிறகு எனக்குத் தெளிவாகும் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் எந்தத் தொடரும் தொடராக வந்து சேர்ந்ததில்லை. சென்னையிலும் சிவகாசியிலும் மொஸ்கோவிலும் அச்சான புத்தகங்கள் பிந்தியும், இடையிடையே விடுபட்டும், சில வேளை அட்டையின்றியுமே வந்தன. கீழே வரும் பல விடைகள் இந்த நிலைமையைச் சுற்றியே அமைந்திருப்பதை வாசிப்பவர்கள் கவனிப்பார்கள்.

'அம்புலிமாமா' ஏன் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது?

'அம்புலிமாமா' 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் வெளிவரத் தொடங்கியது. இதைத் தொடங்கிய நாகி ரெட்டியும் சக்ரபாணியுமே விஜயா நிறுவனத்தின் திரைப்படங்களையும் தயாரித்தவர்கள் என்பதால், ஒரு காட்சியை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்ற கலை அவர்களுக்குக் கைவந்திருந்தது. ஒவ்வொரு கதையும் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். வாக்கியங்கள் எளிமையானவை. வட்டார வழக்கு அறவே கிடையாது. ஆகவே யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் எந்தச் சொல்லிலும் தடுக்கி விழாமல் வாசிக்க முடிந்தது.

இதைக் காட்டிலும் முக்கியமான காரணம் சித்திரங்கள் என்பது என் கருத்து. ஒரு கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாக, பின்னால் கூந்தல் தொங்கும் வேதாளத்தைச் சுமந்து சுடுகாட்டினூடாக நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020இல் காலமான அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சஞ்சிகைக்காகவே வரைந்தவர். அவருடைய படங்களில் அரண்மனைத் தூணின் வேலைப்பாடும், கிழவியின் சேலை மடிப்பும், மாட்டுவண்டியின் அச்சாணியும்கூட விடுபட்டிருக்காது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் முன்பே ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்கியிருக்கக்கூடிய அளவுக்கு அங்கே பார்க்கப் பொருள் இருந்தது.

கடைசிப் பக்கங்களில் இரண்டு புகைப்படங்களைத் தந்து, பொருத்தமான தலைப்புகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்லும் போட்டி ஒன்று உண்டு. இதழ் எங்கள் கைக்கு எட்டும்போது முடிவுத் திகதி பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். அப்படியிருந்தும் வீட்டுக்குள் தலைப்புகள் சொல்லப்பட்டன, அண்ணன்மாரோ மாமாமாரோ நடுவர்களானார்கள், பரிசும் சில வேளை வீட்டிலேயே கிடைத்தது.

1998இல் தடைப்பட்டு மறு ஆண்டு மீண்டும் வரத் தொடங்கிய சஞ்சிகை, 2013ஆம் ஆண்டளவில் முற்றாக நின்றுபோனது.

வேதாளம் மொத்தம் எத்தனை கதைகள் சொன்னது?

மூலத்தில் இருபத்தைந்து. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த 'கதாசரித் சாகர'த்திலும் வேறு தொகுப்புகளிலும் அந்தக் கதைகள் காணப்படுகின்றன. 'அம்புலிமாமா'வோ அந்தச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதம் ஒன்றாகப் பல பத்தாண்டுகளுக்குப் புதிய கதைகளை எழுதுவித்தது. மௌனம் கலைந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும் என்ற ஒரே விதி போதுமானதாக இருந்தது. எந்த மாத இதழ் கிடைக்காமல் போனாலும் இந்தக் கதையில் நட்டமில்லை. எங்களைப் போல இடைவெளி விட்டு வாசித்தவர்களுக்கு இதைவிடத் தோதான தொடர் வேறு இருந்திருக்க முடியாது.

வேதாளம், வேதாளர், மாயாவி, இரும்புக்கை மாயாவி: இவர்கள் ஒருவரா?

மூவர். விக்கிரமாதித்தன் தோளில் இருப்பது ஒன்று. காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரர் இன்னொருவர். 1936இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தோன்றிய இவரைச் சில வெளியீடுகள் 'வேதாளர்' என்றும் 'ராணி கொமிக்ஸ்' 'மாயாவி' என்றும் அழைத்தன. இரும்புக்கை மாயாவி பிரித்தானியர், முற்றிலும் வேறு ஆள்.

இரும்புக்கை மாயாவிக்கு இவ்வளவு மவுசு எப்படி வந்தது?

1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ற்' வார இதழில் தொடங்கிய இந்தக் கதை, 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து 'முத்து கொமிக்ஸ்' வரிசையின் முதல் புத்தகமாகத் தமிழுக்கு வந்தது. விபத்தில் ஒரு கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பட்ட லூயிஸ் கிராண்டேலின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவார், உருக்குக் கை மட்டும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். எந்த விளக்கமும் இன்றி ஒரு பிள்ளைக்குப் புரியக்கூடிய அற்புதம் அது. மின்சாரம் எட்டாத கிராமங்களில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கதையை வாசித்த பிள்ளைகளுக்கு, சுவரில் இருக்கும் ஒரு துளையில் விரலை வைத்தால் மனிதன் மறைந்துபோவான் என்பது நகரப் பிள்ளைகளுக்கு இருந்ததைவிடப் பெரிய அதிசயம்.

வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய கறுப்பு வெள்ளைக் கோடுகள் மலிவான தாளில் மை சற்றுக் கசிந்து அச்சானபோதும் தெளிவை இழக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1984இல் வந்த 'லயன் கொமிக்ஸ்' இயந்திர மனிதன் ஆர்ச்சி, ஸ்பைடர், இத்தாலியப் படைப்பான குதிரைவீரர் டெக்ஸ் வில்லர், சிரிக்கவைக்கும் லக்கி லுக் என்று உலகை இன்னும் விரித்தது. அதே ஆண்டில் தொடங்கிய 'ராணி கொமிக்ஸ்' விலையில் மலிந்தது, அதனால் எங்கும் பரவியது. தரத்தில் முன்னவற்றுக்கு ஒரு படி கீழே என்றே நான் சொல்வேன். இதற்கு மறுப்புத் தெரிவிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

வீடுகளிலும் பாடசாலைகளிலும் கொமிக்ஸ் தடைசெய்யப்பட்டிருந்ததா?

பெரும்பாலும் ஆம். ஆனால் 'முத்து'வின் சிறிய அளவு சமூகக்கல்விப் பாடப்புத்தகத்துக்குள் கச்சிதமாக அடங்கும். 1980இல் அரசாங்கம் இலவசமாகப் பாடப்புத்தகங்களை வழங்கத் தொடங்கியது கல்விக்கு மட்டும் செய்யப்பட்ட உபகாரம் அன்று.

ஒரு தொடரின் எல்லாப் புத்தகங்களும் எங்கள் வீடுகளில் ஏன் இருந்ததில்லை?

இதற்குக் காரணங்கள் பல, அவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவை. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. உள்ளூர்ப் பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அது பெரிய வாய்ப்பாக அமைந்ததை மறுக்க முடியாது. வீரகேசரிப் பிரசுரங்கள் செழித்தது அக்காலத்தில்தான். ஆயினும் மாதம் தவறாமல் 'அம்புலிமாமா'வை எதிர்பார்த்திருந்த பிள்ளைக்கு அந்த நியாயம் விளங்கியிருக்காது. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இதழ்கள் மீண்டும் தாராளமாக வரத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் போர் வந்தது. கொழும்பிலிருந்து வரும் மெயில் ரயிலும் பஸ்ஸும் வந்தால்தான் புத்தகம். அவை வராத நாட்களில் பழையதையே மறுபடியும் வாசிக்க வேண்டியதுதான்.

நகரத்தின் நிலை இதுவென்றால், கடலுக்கும் கழிமுகத்துக்கும் அப்பால் இருந்த ஊர்களின் நிலை இன்னும் ஒரு படி பின்தங்கியது. கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லோஞ்சில் மூதூருக்கும், துறையடிப் 'பாதை' என்ற மிதவையில் கிண்ணியாவுக்கும் புத்தகங்கள் போயின. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல்தான். நகரத்து உறவினர் வாசித்து முடித்த இதழ்கள் கட்டாகக் கட்டப்பட்டு, அரிசியோடும் தேங்காயோடும் சேர்ந்து பயணித்தன. ஆகவே ஒரு தொடர்கதையின் ஏழாம் பகுதியை முதலிலும் இரண்டாம் பகுதியைப் பிறகும் வாசிப்பது எங்களுக்கு இயல்பான காரியமாக இருந்தது. இடையில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். முழுத் தொடரையும் அட்டவணைப்படி வாசித்த சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கிடைத்திருக்காது.

இரவல் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். உண்மையில் இயங்கிய நூலகம் அதுதான். ஒரு புத்தகத்தின் முதற்பக்கத்தில் நான்கைந்து பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதப்பட்டு, மேலிருந்தவை பேனாவால் வெட்டப்பட்டிருக்கும். கடைசிப் பெயருக்குரியவரே அப்போதைய உடைமையாளர். கொடுக்கல் வாங்கலில் எழுதப்படாத விகிதங்கள் இருந்தன. அட்டையுள்ள ஒரு 'முத்து'வுக்கு அட்டையில்லாத இரண்டு 'ராணி' என்பது எங்கள் தெருவில் நிலவிய விலை. கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதைக்கு மாற்று எதுவும் கிடைக்காது. கொடுப்பவர் முடிவை வாயால் சொல்லிவிடச் சம்மதித்தால் மட்டுமே அது கைமாறும்.

இறுதியில் எஞ்சியவற்றையும் இடப்பெயர்வுகள் கொண்டுபோயின. வீட்டைப் பூட்டிவிட்டு ஓடுகிறவர்கள் கதைப் புத்தகங்களையா எடுத்துப் போவார்கள்? தப்பியவற்றில் ஒரு பகுதியைக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் எடுத்தது.

கச்சான் (நிலக்கடலை) சுருளில் கதை வாசித்ததாகச் சிலர் சொல்வது உண்மையா?

உண்மை. திருவிழாக் காலத்திலும் கடற்கரையிலும் கச்சான் விற்பவர்கள் பழைய சஞ்சிகைத் தாள்களில்தான் சுருள் செய்தார்கள். கச்சான் தீர்ந்ததும் தாளைப் பிரித்து வாசிப்பதும், நல்ல கதையாக இருந்தால் அதே சஞ்சிகையின் அடுத்த தாள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மறுபடியும் கச்சான் வாங்கக் கேட்டு அடம்பிடிப்பதும் வழக்கம். வீசிய தாள்களை ஊருக்குள் திரியும் கோட்டை மான்கள் தின்றுவிடும் என்பதால் உடனே வாசிப்பதே புத்திசாலித்தனமாக இருந்தது.

சோவியத் புத்தகங்கள் எப்படி எங்கள் கைக்கு வந்தன, அவை ஏன் இன்னும் பேசப்படுகின்றன?

மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே புத்தகங்களை அச்சிட்டு அனுப்பின. சென்னையின் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் ஊடாகவும் கொழும்பின் இடதுசாரிப் புத்தகசாலைகள் ஊடாகவும் அவை மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஆசிரியர் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ ஈடுபாடுள்ள ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அந்த வீட்டில் இவை கட்டாயம் இருக்கும். 'சோவியத் நாடு' சஞ்சிகையின் பளபளப்பான தாளில் கொப்பிகளுக்கு உறை போட்டது தனிக்கதை.

அரசியலை எதிர்பார்த்து இந்தப் புத்தகங்களைத் திறப்பவர்கள் வியப்படைவார்கள். அலெக்ஸாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற நூலை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி நோயுற்றுப் படுக்கையில் கிடந்த தம் மகளின் சலிப்பைப் போக்க, தாம் சிறுவனாக இருந்த நாட்களைத் தந்தை சொன்ன கதைகள் அவை. முதற்கதையில் அந்தச் சிறுவனுக்கு அழகான பெரிய பந்து ஒன்று கிடைக்கிறது. அது எப்படி வெடிக்கும் என்று பார்க்கும் ஆசையில், ஓடும் காரின் கீழே அதை உருட்டிவிடுகிறான். இன்னொரு கதையில், பெரியவனானதும் என்ன ஆவது என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. இரவுக் காவலாளி, ஐஸ்கிறீம் விற்பவர், விமானி என்று ஒவ்வொன்றாக ஆசைப்பட்டு, இடையில் நாயாகிவிடவும் முடிவு செய்கிறான். எங்கள் பாடப்புத்தகங்களில் வந்த தந்தையர் எல்லோரும் அறிவுரை சொல்பவர்கள். தவறுகள் செய்த, அடி வாங்கிய, பயந்த ஓர் அப்பாவை அச்சில் முதன்முதலாகக் கண்டது இந்தப் புத்தகத்தில்தான். அதை வாசித்த பிள்ளைகள் தங்கள் தந்தையரிடம் போய், நீங்கள் சின்ன வயதில் என்னென்ன குழப்படி செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாத் தந்தையரும் பதில் சொல்லவில்லை.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கிடைத்தது. பாடசாலையே இல்லாத கிர்கீஸ் மலைக்கிராமத்துக்கு வரும் துய்ஷேன் என்ற இளைஞன், குளிர்காலத்தில் பிள்ளைகளை முதுகிலும் கையிலுமாகச் சுமந்து ஓடையைக் கடக்கச் செய்யும் பகுதி மறக்க முடியாதது. பனியை நாங்கள் கண்டதில்லை. மாரியில் வெள்ளம் மேவிய பாதையில் பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற ஆசிரியர்களைத் தெரிந்தவர்கள் எங்களிடையே இருந்தார்கள், அது போதுமாயிருந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு இந்த வரத்து அடியோடு நின்றது. மொழிபெயர்ப்பு நடை சில இடங்களில் கரடுமுரடானது என்ற குறையை ஏற்றுக்கொண்டாலும், தையல் போட்டுக் கட்டப்பட்ட அந்தப் புத்தகங்கள் பக்கம் கழலாமல் இன்றும் இருப்பதைப் பார்க்கையில் குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஆங்கிலச் சிறுவர் தொடர்களை யார் வாசித்தார்கள்?

பாடசாலை நூலகங்களில் இருந்த எனிட் பிளைட்டனின் புத்தகங்களைத்தான் பெரும்பாலானோர் வாசித்தார்கள். 1942 முதல் 1963 வரை இருபத்தொரு புத்தகங்களாக வந்த 'ஃபேமஸ் ஃபைவ்', பதினைந்து புத்தகங்கள் கொண்ட 'சீக்ரெட் செவன்' ஆகியவை ஆங்கிலம் கற்கும் வழியாக ஆசிரியர்களாலும் பரிந்துரைக்கப்பட்டன. சுற்றுலாவில் அந்தப் பிள்ளைகள் குடிக்கும் ஜிஞ்சர் பியர் தமிழகத்து வாசகர்களுக்குப் புதிராக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது மூலைக்கடையில் கிடைத்த சோடா. ஜோர்ஜ் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பெண்பிள்ளைக்குச் சொந்தமான கிரின் தீவை, நிலாவெளிக் கரையிலிருந்து தெரியும் புறாமலையாகவே நாங்கள் கற்பனை செய்தோம்.

தீவு என்றதும் 'ரொபின்சன் குரூசோ'வும் கேட்கப்படும். தமிழில் சுருக்கப் பதிப்புகளாகப் பலரும் வாசித்த அந்த நாவலுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. அதில் வந்த இளைஞர் ரொபேட் நொக்ஸ் மூதூருக்கு அருகே 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இலங்கையின் உட்பகுதியில் வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1719இல் 'குரூசோ'வை எழுதிய டானியல் டீஃபோ அந்த நூலால் தூண்டப்பட்டவர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நொக்ஸ் பிடிபட்ட இடமாகக் கருதப்படும் புளியமரத்தடியில் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாசிக்கக் கொடுப்பவர்கள் ஒரு சனிக்கிழமை மூதூருக்கும் கூட்டிச் செல்லலாம்.

எங்கள் மண்ணின் புத்தகங்கள் என்று எதுவும் இருக்கவில்லையா?

இருந்தன, ஆனால் தொடராகவும் வண்ணப் படங்களோடும் அல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'சிறுவர் செந்தமிழ்' பாடல்கள் பாடசாலை வழியாக எல்லோருக்கும் வந்து சேர்ந்தன. ஆடிப்பிறப்புக் கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் அறியாத இலங்கைத் தமிழ்ப் பிள்ளை கிடையாது. தமிழகத்தின் அழ. வள்ளியப்பாவையும் நாங்கள் பாடினோம். எனினும் ஓலைப் பெட்டியும் பனங்கட்டியும் வரும் பாட்டில் கிடைக்கும் உரிமை அதில் கிடைப்பதில்லை.

மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் எழுதிய 'தோணி' சிறுகதை சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டதன்று. ஆனால் சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் மனம் அதில் இருப்பதால், வளர்ந்த பிள்ளைகள் அதைத் தங்கள் கதையாகவே வாசித்தார்கள். பிற்காலத்தில் கேணிப்பித்தன் என்ற பெயரில் எழுதும் ச. அருளானந்தம் சிறுவர்களுக்கென்றே பல பாடல்களையும் கதைகளையும் எங்கள் ஊரிலிருந்து எழுதி வெளியிட்டார்.

சிங்களத்திலிருந்து வந்தவற்றையும் விட்டுவிட முடியாது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடோல் தூவ'வில் உபாலியும் ஜின்னாவும் கொக்கலைக் களப்பில் உள்ள ஆளில்லாத தீவில் வாழ்க்கை தொடங்குகிறார்கள். கண்டல் காடும் களப்பும் அறிந்த கிண்ணியா, தம்பலகாமத்துப் பிள்ளைகளுக்குப் பிளைட்டனின் தீவைவிட இந்தத் தீவு எவ்வளவோ அண்மையானது. சிபில் வெத்தசிங்கவின் 'குடைத் திருடன்' மிகச் சிறிய பிள்ளைகளுக்கானது. குடையையே கண்டிராத கிராமத்துக்கு ஒருவர் குடை வாங்கிவர, அது ஒவ்வொரு முறையும் காணாமல் போகும் கதைக்கு அவர் தாமே வரைந்த படங்களில் மனிதர்களின் கன்னங்கள்கூடச் சிரிக்கும்.

நியாயமாகச் சொன்னால், கடலும் துறைமுகமும் கோட்டையும் வெந்நீர்க் கிணறுகளும் உள்ள ஓர் ஊருக்கு இவ்வளவு போதாது. எங்கள் பிள்ளைகள் துப்பறிந்த இடங்கள் எல்லாம் லண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தன. உவர்மலையில் ஒரு திருடனை யாரும் துரத்தவில்லை.

'பொன்னியின் செல்வ'னைச் சிறுவர் நூலாகக் கொள்ளலாமா?

கொள்ள முடியாது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்து ஐந்து பாகங்களான பெருங்கதை அது. ஆனால் வாரப் பக்கங்களைக் கிழித்து யாரோ கட்டுவித்த தொகுப்பைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கையில் எடுத்தவர்கள் ஏராளம். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து ஈழம் வரும் பகுதியில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இவற்றை இப்போது எங்கே பெறலாம்?

ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் முதலில் தேடுவது நல்லது. பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். 'லயன்', 'முத்து' ஆகிய இரண்டும் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன, இரும்புக்கை மாயாவி மறுபதிப்பும் கண்டுள்ளார். ரஸ்கினின் நூலைத் தமிழகத்தில் மறுபதிப்பாகப் பெறலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையிலும், ஒவ்வொரு செப்டெம்பரிலும் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலும் கேட்டுப் பார்க்கலாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இன்றைய பிள்ளைகளுக்கு இவை பிடிக்குமா?

சில பிடிக்கும். எங்களுக்குப் பிடித்தது என்பதற்காக அவர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. என் அவதானிப்பில், ரஸ்கினின் கதைகளும் லக்கி லுக்கும் எந்தப் பரிந்துரையும் இன்றி வெற்றி பெறுகின்றன. 'அம்புலிமாமா'வைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து உரத்து வாசித்தால் கேட்கிறார்கள். வேதாளம் கேள்வி கேட்டதும் வாசிப்பை நிறுத்திப் பிள்ளையிடம் பதிலைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பெரும்பாலும் பிள்ளை சொல்லும் தீர்ப்பு விக்கிரமாதித்தனின் தீர்ப்பைக் காட்டிலும் கடுமையாக இருக்கும். பழைய துப்பறியும் கதைகளை அவர்கள் சீக்கிரம் கீழே வைத்துவிடுகிறார்கள், அதில் வருந்த ஒன்றுமில்லை.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை நாமே வாசித்துப் பார்ப்பது அவசியம். ஆபிரிக்கக் காட்டு மக்கள் அனைவரும் ஒரு வெள்ளைக்கார முகமூடி வீரரை வணங்கி நிற்பதும், வென்ற வீரனுக்கு இளவரசி பரிசாகக் கொடுக்கப்படுவதும் எங்கள் கண்ணில் அப்போது உறுத்தவில்லை. பத்து வயது மகள் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

எஞ்சியுள்ள பழைய பிரதிகளைக் கடற்காற்றிலிருந்து எப்படிக் காப்பது?

முதல் எதிரி தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் இரும்புக் கம்பி. உப்புக்காற்றில் அது துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளை அரித்துவிடும். மெதுவாகக் கழற்றிவிட்டு அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டவே கூடாது, சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிப் பசை எழுத்தில் ஊறிவிடும். மலிவான தாள் பழுப்பாவது அதிலுள்ள மரக்கூழின் இயல்பு, அதை நிறுத்த முடியாது. வெயில் படாமல் வைத்தால் வேகம் குறையும். இராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பை அறை வெப்பத்துக்கு வந்ததும் திறக்கவும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பழைய முறைகள், அலுமாரியில் வைக்கலாம். மாரி மாதங்களில் புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலுமாரியைத் திறந்து நிழலில் காற்றாட விட்டால் பூஞ்சணம் அண்டாது.

பெயரும் ஆசிரியரும் மறந்துபோன ஒரு புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதையைச் சொல்வதைக் காட்டிலும் புத்தகத்தின் உடம்பைச் சொல்வது பலன் தரும். உள்ளங்கைக்குள் அடங்கியதா, கொப்பியளவா, உள்ளே வண்ணமா கறுப்பு வெள்ளையா, தைக்கப்பட்டிருந்ததா கம்பி குத்தப்பட்டிருந்ததா, உரையாடல் படங்களுக்குள் இருந்ததா கீழே இருந்ததா என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இவற்றிலிருந்தே பதிப்பகத்தையும் ஏறத்தாழக் காலத்தையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். வீட்டில் அட்டையில்லாத பிரதி கிடக்குமானால், உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயரைத் தேடுங்கள். எதுவும் இல்லாவிட்டால் முதற்பக்கத்தையும் ஒரு படத்தையும் தெளிவாகப் படமெடுத்து, புத்தகத்தை யார் எந்த ஆண்டளவில் வாங்கியிருக்கலாம் என்ற குறிப்போடு, நூலகம் நிறுவனத்துக்கோ பழைய கொமிக்ஸ் சேகரிப்பாளருக்கோ அனுப்பலாம். படமெடுப்பதற்கு முன் பக்கங்களை அழுத்தி விரிக்க வேண்டாம், முதுகு பிளந்துவிடும்.